பெட்டிக்குள் பிந்திய குரல்

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு போனில் கூப்பிட்டார். வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்ய ஒரு பெட்டி வாங்கப் போகிறாராம். கம்ப்யூட்டரில் செருகும் கேபிள் இரண்டு விதமாக இருக்கிறதாம். "நம்ம கம்ப்யூட்டருக்குப் பொறத்த என்னெல்லாம் ஓட்டை இருக்குன்னு பாத்துச் சொல்லுட்டி."

டார்ச்சோடு மேசைக்கடியில் நுழைந்தேன். "உருண்டையா ரெண்டு, சப்பையா நாலு" என்றேன், தலையெல்லாம் ஒட்டடையோடு. அப்படி, சப்பை ஓட்டையில் செருகும் கேபிளோடு வந்ததுதான் எங்கள் வீட்டு யூ.எஸ்.பி. பெட்டி. அது நான் தேர்ந்தெடுத்தது என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்வேன்.

லீவில் வந்தவர், திருவிழாக் கொடியேற்றத்துக்குப் புதுப் பாட்டுகளை சி.டி. போட்டுத் தருவதாகப் பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் பாட்டு எனக்கு. நான் சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் இருப்பவள். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால், என் குரல் தாளத்துக்குப் பின்னால் வந்தது. மறுபடி பாடினேன். மறுபடியும் பிந்தியது.

"கோயில்ல எதிரொலிக்குக் காத்து நின்னு பாடிப் பழகிட்ட. அதான் இழுக்குத" என்றார். பிறகு மெல்ல, "தம்பி பெண்டாட்டி பாடிப் பாக்கட்டுமா?" என்றார்.

அவள் நன்றாகவே பாடுவாள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இத்தனை வருடம் கோயிலில் எல்லோரையும் நான்தான் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேனோ என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர் கிடாரை வாசித்துப் பதிந்து, போட்டுக் கேட்டார். அடுக்களையில் இருந்த எனக்கும் கேட்டது. கிடாரும் தாளத்துக்குப் பின்னால்தான் வந்தது. அகப்பையோடு வெளியே வந்தேன்.

"நீங்க எந்தக் கோயில்ல பாடிப் பழகினிய?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதர் பெட்டியைச் சந்தேகப்பட்டார். பிரிண்டர், கேமரா எல்லாம் தொங்கிய, பல கேபிள் செருகும் ஒரே ஹப்பில் அதையும் மாட்டியிருந்தார். பிடுங்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நேராகச் செருகினார். இடையிடையே கேட்ட கரகரப்பு நின்றது, பிந்துவது நிற்கவில்லை. கடைசியில் பெட்டியோடு வந்த சி.டி. ஞாபகத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர் தானாகவே பெட்டியைக் கண்டுகொண்டதால், இது எதற்கு என்று உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். அதிலிருந்த டிரைவர் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மறுபடி வாசித்தார். கிடார் தாளத்தோடு ஒட்டி உட்கார்ந்தது.

"எனக்க பாட்டை எடுங்க" என்றேன். "மொதல்ல பாடினதை."

பழைய பதிவில் கிடார் எவ்வளவு பிந்தியதோ, அவ்வளவு தூரம் என் குரலையும் மவுசால் முன்னே நகர்த்தினார். முதல் வரியிலிருந்து கடைசி வரை தாளத்தில் அப்படியே பொருந்தியது. நான் பிந்தவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இனி என்ன சொல்லுதிய?"

அவர் தன் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து மீனைத் தின்ன மட்டுமே தெரிந்த மனிதர், அடுக்களையில் கழுவாமல் இருந்த சாளை மீன் சட்டியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.