சூடம் பற்றாத அரை மணி நேரம்

தம்பியின் கயாக் படகு கவிழ்ந்தபடி மிதந்து வந்தது. தம்பி வரவில்லை.

அன்பர்களே, நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம், தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில் லாபிஸ் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஆறு. பாறைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு இறங்கும். அதில் கூட்டாளிகளோடு துடுப்புப் போட ஒரு பயணம் திட்டமிட்டிருந்தேன். முதலில் இடத்தைப் பார்த்துவர நானும் தம்பி குமரனும் மட்டும் போனோம்.

திட்டம் போடுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்ற நினைப்பு எனக்கு. எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது, எல்லாம் நிமிடக் கணக்கில் எழுதிவைத்தேன். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. லீவு கிடைத்த நாளைத்தான் பார்த்தேன். மலையில் மழையா என்று பார்க்கவே இல்லை.

இறங்கும் இடத்தில், மேட்டின்மேல் முனியாண்டி ஐயாவின் கல் இருக்கிறது. தண்ணீரில் கால் வைக்குமுன் அங்கே சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். குமரன் சூடத்தை எடுத்தான்.

"அதெல்லாம் திரும்பி வந்து பாத்துக்கலாம் லா! ஒம்போது மணிக்கு நீ தண்ணியில இருக்கணும்" என்று ஏசிவிட்டு, மீட்புக் கயிற்றோடு கீழே வளைவில் போய் அவன் வரக் காத்து நின்றேன்.

ஒன்பதானது. ஒன்பதரையும் ஆனது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. மேலே பெய்த மழையெல்லாம் திரண்டு வருவதைக் கெப்பாலா ஆயர் என்போம். அது உறுமிக்கொண்டு வந்தது. அதோடு அந்த வெறும் கயாக்.

அலமாக்! கயிற்றை யாருக்கு வீசுவேன்? சேற்றில் மண்டியிட்டேன்.

"ஐயா, என் திமிருக்கு என்னை எடுத்துக்க. என் தம்பியக் குடுத்துடு."

வேறு எந்த மந்திரமும் வாயில் வரவில்லை. அழுதுகொண்டே கரையோரமாக மேலே ஓடினேன்.

ஐயாவின் கல்லுக்கு முன்னால் குமரன் குந்தியிருந்தான். சுற்றிலும் பற்றாத தீக்குச்சிகள்.

"ஏசாதீங்கண்ணே. மிதவை ஜாக்கெட் ஈரத்துல தீப்பெட்டியும் ஈரமாயிடுச்சு. தொடச்சித் தொடச்சி பாக்குறேன், பத்தவே மாட்டேங்குது. கும்பிடாம எறங்க மனசு வரல. அதுக்குள்ள தண்ணி வந்து கயாக்க இழுத்துட்டுப் போயிடுச்சு."

அவனைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். நான் வேண்டிக் கேட்டது சற்றுமுன்புதான். ஆனால் ஐயா அவனை அரை மணி நேரம் முன்பே பிடித்து உட்காரவைத்திருந்தார்.

இப்போதும் பயணம் போகிறோம். மேலே மலைக் கம்பத்தில், அந்தக் கிராமத்தில், இருக்கும் ஒருவரிடம் போன் போட்டு மழையைப் பற்றிக் கேட்காமல் கிளம்புவதில்லை. லீவு வீணானால் போகட்டும். என் திட்டத் தாளில் முதல் வரியே சூடம்தான். நீங்களும் அவரை நம்புங்கள். காரியம் தாமதமானால் என்னைப் போலக் கத்தாதீர்கள்.

அந்த ஈரத் தீப்பெட்டி எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. தினமும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் தம்பியை எழுப்புகிறேன்.