திட்டாமல் விற்ற எஸ்.எம்.பி.எஸ்.

தருமபுரியில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள் ஷகிலா. பதினெட்டு வருஷமாகிறது. கணவன் ஹபீப் பிரிண்டர் மட்டும் பார்ப்பார், மற்றதெல்லாம் அவள் தலையில்தான். அவளிடம் திட்டு வாங்காமல் அந்தப் படியை இறங்க முடியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. திட்டு பெரும்பாலும் ஒரே பொருளுக்காகத்தான் விழும்: கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்தத் தகரப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்.

கையில் இருப்பதை வைத்துக் கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்க வருகிறவர்கள் கண்ணாடி வைத்த கேபினெட் கேட்பார்கள், கலர் கலராக எரியும் ஃபேன் கேட்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். என்று வந்தால் மட்டும், "இருக்கறதுலயே கம்மியா ஒண்ணு போடுங்க்கா" என்பார்கள். வெளியே தெரியாத பொருளுக்கு யார் செலவு செய்வது?

"ஏம்பா, உனக்கு புத்தி இருக்குதா இல்லையா? அது செத்தா தனியா சாவாது. பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கிட்டுதான் போவும்" என்று தொண்டைத் தண்ணீர் வற்ற அவளும் கத்துவாள். பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போன மாதம் ஒருவன், 'கடைக்காரம்மா மரியாதையில்லாமல் பேசுகிறார்' என்று இணையத்தில் எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டான். ஹபீப் அதைப் படித்துக் காட்டி, "வர்றவங்களை ஏன் வெரட்டுற? கேக்கறதைக் குடுத்துட்டுப் போயேன்" என்றார். ஷகிலாவுக்கு அலுத்துப்போயிற்று. எக்கேடும் கெட்டுப் போங்கள், இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வாரம்தான் திருமால் வந்தான். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் பெட்டி சுமக்கிறவன், இருபத்தைந்து வயது. தன் கேபினெட்டோடு, கேம் விளையாடுவதற்கென்று ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பெங்களூரில் ஒருத்தர் கழற்றி விற்றது. இரண்டு சீசன் சுமந்த கூலி அதில்தான் இருந்தது. மேஜைமேல் அதைத் துண்டோடு பதமாக வைத்தான்.

"இதுக்குத் தாங்கற மாதிரி எஸ்.எம்.பி.எஸ். பாக்கணுங்க்கா. எங்க ஊர்ல தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓடுனா வூட்டு லைட்டு மங்கிடும். நிறுத்துனா திடுக்குனு ஏறும்."

ஷகிலா நாலு பெட்டியை எடுத்து வைத்தாள். அவன் தக்காளிப் பெட்டியை எடை பார்க்கிறவன் போல ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தான். நாலிலும் மட்டமானதுதான் நல்ல கனமாக இருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்காகவே உள்ளே இரும்புத் துண்டு ஒட்டி அனுப்புகிற கம்பெனிகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கார்டு அதில் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கனமான அந்தப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி, "இதையே போட்டுடுங்க்கா" என்றான். போட்டுக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் கேபினெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான்.

"விளையாடிக்கிட்டு இருந்தேன். மோட்டார் நின்ன நேரம், டப்புன்னு சத்தம். ஒரே பொகைங்க."

நல்ல பெட்டி ஒன்றை மாட்டிச் சோதித்தாள். மதர்போர்டு பிழைத்திருந்தது. கார்டுக்கு உயிர் வரவில்லை. வேறு போர்டில் செருகிப் பார்த்தாள், துடைத்துச் செருகிப் பார்த்தாள். போனது போனதுதான்.

"கார்டு அவ்வளவு தேடிப் புடிச்சு வாங்குனவன், இதை மட்டும் ஏம்பா விசாரிக்காம எடுத்த?" அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"விசாரிச்சுட்டுதாங்க்கா வந்தேன்" என்றான் திருமால். "மார்க்கெட்ல சொன்னாங்க, ஷகிலாக்கா கடைக்குப் போ, மட்டமானதைத் தொட்டா திட்டுவாங்க, திட்டலைன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு. நாலையும் தூக்கித் தூக்கிப் பாத்தேன். நீங்க எதுக்குமே திட்டல. அதான் நல்லதுன்னு எடுத்தேன்."

ஷகிலா கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷமாகக் கத்தியது வீண் என்று நினைத்திருந்தாள். பாலக்கோடு வரைக்கும் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒற்றை நட்சத்திரம் போட்டவன் எவனோ ஒருவன்; அவன்மேல் இருந்த எரிச்சலில் இவன் தலையில் மண்ணைப் போட்டாயிற்று.

மாட்டியிருந்த நல்ல பெட்டியை அப்படியே வைத்துத் திருகாணியை முடுக்கினாள்.

"இதுக்குக் காசு வேணாம். கார்டுக்கும் என்னால ஆனதைச் செய்யறேன். இது நல்ல எஸ்.எம்.பி.எஸ்., தம்பி. நானே சொல்றேன்."

"சரிங்க்கா" என்று தலையாட்டினான் திருமால். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே, பெட்டிமேல் இருந்த பெயரை எழுத்துக் கூட்டித் தேட ஆரம்பித்தான்.