துப்பாக்கியைப் பிரித்து விற்ற ஞாயிறு

என் மாமனார் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பந்தயங்களில் குறி பார்த்துச் சுடும் பழைய சீமைத் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு அவரிடம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததும் அதை விற்றுவிட முடிவு செய்தார். குழல் உள்ளே அரித்துவிட்டதால் முழுதாகப் போகாது, பாகங்களாகத்தான் போகும் என்று, சிம்மக்கல்லில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பாய் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை பாயே திருநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவித் தடவியே சொன்னார்.

"குறி பாக்குறதுக்குப் பின்னால இருக்குற இந்த வட்டக் கண்ணு தனியா வரவழைச்சது பாய். திருகுனா நூலளவு நகரும். இதுக்கே ஆள் வருவான்."

"ஒரிஜினல்தான் சார். அடியில நம்பர் தெரியுது. கழட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவ தொறந்து பாத்துர்றேன்."

"காலிதான். லோடோட நான் வீட்டுக்குள்ள வச்சதே இல்ல."

பாய் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். தரையில் ஒரு தோட்டா விழுந்து உருண்டது.

பாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது அடி வாங்கியிருக்கு சார். ஒண்ணு ரெண்டு அடி இல்ல. தோட்டாவ அடிக்கிற ஊசி முனை தேஞ்சு கெடக்கு, அதனாலதான் வெடிக்கல."

வாராவாரம் எண்ணெய் போட்டு வெளிப்பக்கம் துடைத்தது நான்தான். துடைத்து முடித்ததும் கைப்பிடியைப் பின்னால் இழுக்காமல் ஏற்றி இறக்கி மட்டும் விசையை அழுத்துவேன். டக்கென்ற அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். போன வாரம், கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்த என் கணவரின் முதுகுக்கு நேரே பிடித்து, "கையத் தூக்குங்க" என்று சொல்லி அழுத்தியிருந்தேன். அவர் முகத்தில் நுரையோடு சிரித்தார்.

"மாமா, அந்த அடியெல்லாம் நான் அடிச்சது" என்றேன்.

மாமா கை நீட்டித் தோட்டாவை வாங்கிக்கொண்டார். "போன வருசம் தெருவுல வெறிநாய் வந்துச்சுல்ல தாயி. அதுக்குத்தான் தோட்டாவப் போட்டு அழுத்துனேன். வெடிக்கல. அதுக்குள்ள ஆளுக வெரட்டிட்டாங்க. எடுக்க மறந்துட்டேன்."

பூட்டாத பீரோவுக்காக எங்களை நாள் முழுக்கத் திட்டுகிற மனிதர்.

அதன்பின் அவர் எதையும் அடையாளம் சொல்லவில்லை. வட்டக் கண், விசை, தோல்வார், மரக்கட்டை எல்லாவற்றையும் பாயே பார்த்து எடுத்துக்கொண்டார். சொன்ன விலைக்கு மாமா தலையசைத்தார். குழலையும் லைசென்ஸையும் மறுநாளே ஸ்டேஷனில் ஒப்படைத்தார்.

அந்த ஞாயிறு மத்தியானம், ஒத்தக்கடை வரை போய்த் திரும்பிய கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"எம்புட்டுத் தூரத்துல நின்ன?"

"நாலடி."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.