காப்பி யாரு கொடுத்தா?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு முறிந்த தொடையெலும்பில் பிளேட் வைக்க வேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "பச்சத் தண்ணி பல்லுல படல சார்" என்றார்.

மருந்து ஏறியதும் அவர் வாயிலிருந்து கருப்பட்டிக் காப்பி பொங்கியது, பின்னாலேயே பன் துண்டுகள். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, உறிஞ்சி எடுத்து, தாடையைப் பிளந்து தொண்டைக்குள் குழாயைத் திணித்தேன். ஒரு பல் தெறித்து விழுந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது.

வெளியே வந்து, காப்பி கொடுத்தது யார் என்று கத்தினேன். "வெறும் வயித்தோட கத்திக்கு அனுப்ப மனசு கேக்கல சார். சொன்னா ஆபரேஷன தள்ளிப் போட்ருவிய" என்றாள் அவர் மனைவி.

"ஏலே, எங்க அக்காவையா அதட்டுத?" என்று அவள் தம்பி என்னை அறைந்தான். நானும் திருப்பி அறைந்தேன். அதில் எனக்குச் சுகம் இருந்தது.

அவர் ஒரு வாரம் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார். அதன்பின் சாப்பிட்டீர்களா என்று நான் யாரையும் கேட்பதில்லை. "காப்பி யாரு கொடுத்தா?" என்றுதான் கேட்கிறேன். பலர் உடனே ஆளைக் காட்டிவிடுகிறார்கள்.

போன மாதம் என் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அன்று காலை அவளிடமும் அதையே கேட்டேன். அம்மா என் மனைவியைப் பார்த்தாள்.