பிரியாணிக் கடையின் புகைக்குழாய்

பழைய வீட்டைக் கடையாக்கிவிட்டுப் புகை தாங்காமல் என்னைக் கூப்பிடுவார்கள். சுவரை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, தகரக் குழாய் வைத்துப் புகையை வெளியேற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உடம்பு ஓய்ந்துவிட்டது, புகை ஓயவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை. குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிடலாம் என்றேன். கடைக்காரர் கேட்கவில்லை.

"ரோட்டப் பாத்துத் திருப்பி விடுங்கண்ணே. வாசம் பிடிச்சுத்தான சனம் உள்ள வருது?"

இந்த ஊரில் எல்லாப் பிரியாணிக் கடைக்காரரும் சொல்வதுதான். வாதாடத் தெம்பில்லாமல் பெயர்ப்பலகைக்கு மேலே, ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது.

"கடைக்குள்ள உக்கார முடியலண்ணே. கண்ணு அம்புட்டு எரியுது."

எரியாமல் என்ன செய்யும்? பலகைக்கு மேலே போன புகை, வாசல் வழியாகத் திரும்ப உள்ளேயே வந்துகொண்டிருந்தது.

மறுபடி போனேன். வெயிலில் தகரம் கையைச் சுட்டது. எண்ணெய்ப் பிசுக்கு முழங்கை வரை ஏறியது. ஒருவழியாகக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி முடித்து இறங்கினேன். கடைக்குள் பொட்டுப் புகை இல்லை. கடைக்காரரோ ரோட்டோரத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஒரு வாசத்தையும் காணோம்?"

எரிச்சலை அடக்கிக்கொண்டு நானும் பக்கத்தில் போய் நின்றேன். மதியம் சாப்பிடாத வயிறு. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். புழுதியும் பெட்ரோல் வாடையும்தான் வந்தன.

ஏணியைத் திரும்பவும் சுவரில் சாத்தினேன்.