றஜனி வெட்டாத வீல்

அச்சுவேலியில் என் ரயர்க் கடைக்கு இரண்டு வீடு தள்ளி றஜனியின் கொட்டில். கதவு, யன்னல்களுக்குப் பூ வெட்டுகிறவள். புருஷன் வாகீசன் கட்டாருக்குப் போன பிறகு அலகு சுழன்று மரம் வெட்டுகிற றவுட்டர் மெஷின் அவள் கையில்தான். அதால் அலுமினியமும் வெட்டலாம் என்று அவளாகவே பழகிக்கொண்டாள். மெதுமையான சாமான்தான். அவசரப்பட்டால் அலகில் ஒட்டி, மெஷினைக் கையிலிருந்து பறித்துவிடும்.

பள்ளிக்கூட வான் ஓடுகிற லோஜன் நான்கு பழைய அலோய் வீல் வாங்கி வந்தான். வேறு வாகனத்தில் கழற்றியது. நட் துவாரங்கள் சரி. நடுத் துவாரம் ஒரு நூல் சின்னது, வானில் ஏறவில்லை. லேத்துக்காரன் தன் மெஷினுக்குள் கொள்ளாது என்றுவிட்டான். நான்தான் றஜனியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"நடுவை வெட்டித் தாறன். நட் துவாரத்திலை கை வைக்கச் சொல்லிக் கேக்கக் கூடாது" என்றாள்.

வெட்டுவதற்கு முதல் ஒவ்வொரு வீலின் பின்பக்கப் பெயின்றையும் சுரண்டுவாள். மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, மேலே வெண்கட்டி தேய்த்து வைப்பாள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெண்கட்டியை நனைக்கும். பிறகு கைக் காப்பைக் கழற்றி, கண்ணாடி போட்டு, அலகு விலகாமலிருக்கப் பலகையில் செய்த வட்டத்தை வீலில் இறுக்கிப் பூட்டி, அலகுக்கு மெழுகுதிரி தேய்த்துத் தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பாள்.

"அக்கா, உப்பிடி வெட்டினால் தைப்பொங்கலும் வந்திடும்" என்றான் லோஜன்.

"வரட்டும், உனக்கும் சேத்துப் பொங்கிறன். தள்ளி நில்லடா, தூள் கண்ணுக்கை போகும்."

மூன்று வீல் ஆட்டம் அசைவில்லாமல் ஏறின. நான்காவதில் நட் துவாரத்தடியில் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு. துடைத்துத் திரும்பப் பூசினாள். திரும்பவும் அதே கோடு.

"உது கறை. பெயின்ற் அடிச்சால் தெரியாது" என்றான் லோஜன்.

"தெரியாது. ஆனா இருக்கும். உன்ரை வான் நிறையப் பிள்ளையள். என்ரை சாருஜாவும் அதுக்கைதான் வாறாள். நான் வெட்டமாட்டன்."

"நீங்கள் வெட்டாட்டி ஊரிலை வேறை ஆள் இல்லையோ?" வீலைத் தூக்கி வானுக்குள் எறிந்துவிட்டுப் போனான்.

"அண்ணை, பூட்டுவானோ?" என்று றஜனி என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். வானுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குக் கீழே என்ன சுழல்கிறதென்று தெரியாது. அதைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம். நானும் எத்தனை வீலுக்கு ரயர் போட்டிருப்பேன், இப்படித் திருப்பிப் பார்த்தேனா என்று யோசித்தேன்.

விடிய வான் வந்தது. சாருஜாவைப் படலையடியில் நிறுத்திவிட்டு றஜனி வானைச் சுற்றி வந்தாள். முன்னுக்கு இரண்டும் அவள் வெட்டின அலோய். பின்னுக்கு இரண்டும் பழைய இரும்பு றிம். சோடியில்லாத மூன்றாவது அலோய் உள்ளே சீற்றுக்கடியில் கிடந்தது.

உள்ளே இருந்து ஒரு பிள்ளை கத்தியது: "மாமா, முன்னுக்குக் கலியாண வீடு, பின்னுக்குச் சந்தையோ?"

லோஜன் ஹோர்ன் அடித்தான்.

"வெடிச்சது எங்கை?" என்றாள் றஜனி.

"அண்ணையின்ரை கடைக்குப் பின்னாலை போட்டிட்டன். ஏத்துங்கோ அக்கா, மணி அடிக்கப் போகுது."

அவள் குனிந்து ஒவ்வொரு நட்டையும் கையால் திருகிப் பார்த்தாள். பிறகுதான் பிள்ளையின் புத்தகப்பையை உள்ளே கொடுத்தாள்.