அம்மாவின் கார்டில் அப்பா

அரசாங்கக் காப்பீட்டில் நோய்க்கும் பருவம் உண்டு. இந்த ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்த பணம், நடுவில் சில மாதம் தூங்கி எழுந்து, அதற்கடுத்த ஆறு மாதத்துக்குத்தான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளில் இது தெரியாத ஆள் கிடையாது. ஈரத்தோல் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கியவர்கள், "பீரியட் தொறக்கட்டும்" என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். குடலுக்கு மட்டும் யாரும் விதிகளைப் படித்துக் காட்டவில்லை.

அப்பாவின் ஷெட் முந்தைய வருடம் மூடிக் கிடந்ததால் அவருடைய சந்தா விட்டுப்போயிருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரிக் கதவு மூடியிருந்த நேரம் பார்த்து, இறங்கிய குடல் மேலே ஏறாமல் சிக்கிக்கொண்டது. வலியில் சுருண்டவரை நானும் அம்மாவும் ரிக்‌ஷாவில் ஏற்றிக் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உடனே அறுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, வேறு இடத்துக்குத் தூக்கிப் போக நேரமில்லை என்றார். குமாஸ்தா அப்பாவின் காப்பீட்டுக் கார்டைத் தொட்டுப் பார்த்து, இவருக்கு அடுத்த வாரம்தான் உரிமை என்றார்.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்தாள். தன் கார்டை எடுத்து வைத்தாள். அவளுடைய பருவம் திறந்தே இருந்தது. மனைவி தொழிலாளி என்றால் கணவனும் குடும்பம்தான் என்று கம்பெனியில் கேட்டு வைத்திருந்தாள்.

"அப்போ சம்சாரத்தச் சார்ந்தவர்னு அவரு கையெழுத்துப் போடணும்" என்றார் குமாஸ்தா.

அப்பா மேஸ்திரி. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட உத்தரவாகத்தான் கேட்பார். "ஷெட்ல இன்னா பேசுவானுங்க? வீட்டுக்குப் போலாம். என் பீரியட் வரட்டும்" என்று பல்லைக் கடித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அம்மா பேனாவை அவர் கையில் வைத்தாள். "பேசட்டும். நீங்க இல்லாம போய்ட்டா நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?"

அப்பா கையெழுத்துப் போட்டார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வார்டில் நர்ஸ்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவள் வீட்டுக்காரர் என்றே அவரைக் கூப்பிட்டார்கள். முதலில் முறைத்தார். பிறகு "இன்னாம்மா?" என்று திரும்பிப் பார்க்கப் பழகினார்.

அடுத்த வாரம் குமாஸ்தா நல்ல சேதியோடு ஓடி வந்தார். "உங்க பீரியட் தொறந்துடுச்சு. டிஸ்சார்ஜ் ஆகி, வாசல் வரைக்கும் போய்ட்டு வந்து திரும்ப அட்மிட் ஆனீங்கன்னா, உங்க பேர்லயே படுத்துக்கலாம்."

அப்பா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"வாணாம் சார்" என்றார். "நான் இவ கார்டுலயே இருந்துக்கறேன்."